குவாரி பேங்க் ஆலை: தறிக்காரக் குடும்பத்தோடு போனால்தான் முழுசாகப் பார்க்க முடியும்

இங்கிலாந்தில் மகனோ மகளோ வேலையில் இருக்க, போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கிளம்பும் குடியாத்தம், ஆரணி, வாலாஜா பக்கத்துக்காரர்கள் இப்போது நிறையப் பேர். போனவர்கள் எல்லாரும் லண்டன் பாலம், ராணி இருந்த அரண்மனை, ஒரு கோயில் என்று படம் பிடித்துப் போடுகிறார்கள், பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. மான்செஸ்டர் பக்கம் போகிறவர்களாக இருந்தால், அதிலும் வீட்டில் என்றைக்காவது தறி ஓடியிருந்தால், ஸ்டையல் என்கிற சிற்றூரில் இருக்கும் குவாரி பேங்க் பஞ்சாலையை விட்டுவிடாதீர்கள். ஆலையை மூடி அருங்காட்சியகமாக்கிய இடம்தான், ஆனால் உள்ளே மெஷின்கள் செத்துக் கிடக்கவில்லை, ஓடுகின்றன. எங்களோடு என் மாமியாரும் வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே லுங்கித் தறியில் உட்கார்ந்தவர், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அங்கே வந்திருந்த கூட்டத்தில் அவருக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

இடத்தைப் பற்றி முதலில். செஷயர் பகுதியில் பாலின் என்று ஒரு சின்ன ஆறு. அதன் கரையில் 1784-ல் சாமுவேல் கிரெக் என்கிற வியாபாரி நூல் நூற்க இந்த ஆலையைக் கட்டினார். நிலம் ஸ்டாம்ஃபோர்டு பிரபுவினுடையது, குத்தகைதான். சுற்றியிருக்கும் மரங்களை வெட்டவோ கிளை கழிக்கவோ கூடாது என்று குத்தகையிலேயே நிபந்தனை போட்டிருக்கிறார் அந்த ஆள். அதனால் இன்றைக்கும் காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய செங்கல் கட்டடம் நிற்கிறது, உச்சியில் மணியோடு. 1939-ல் கிரெக் குடும்பமே இதை நேஷனல் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. உற்பத்தி 1959 வரைக்கும் நடந்திருக்கிறது.

மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, தலைக்கு மேல் விமானம் போய்க்கொண்டே இருக்கும். ரயிலில் வருவதென்றால் ஸ்டையலிலேயே ஒரு சின்ன ஸ்டேஷன் உண்டு, ஆனால் அங்கே நிற்கும் வண்டிகள் குறைவு, வில்ம்ஸ்லோவில் இறங்கி டாக்ஸி பிடிப்பது வயதானவர்களுக்கு நல்லது. கார் நிறுத்துமிடம் மேட்டில், ஆலை பள்ளத்தில். இறங்கும்போது ஒன்றும் தெரியாது, திரும்பி ஏறும்போது முட்டி பேசும். டிக்கெட் நம்ம கணக்குக்கு மலிவில்லை. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை இருந்தால் இலவசம், அங்கே வேலை பார்க்கும் நம்ம பிள்ளைகளில் பலர் வருஷ அட்டை வைத்திருக்கிறார்கள், முதலில் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

முதலில் சக்கரத்துக்குப் போங்கள். ஆற்றில் தடுப்பணை கட்டி, தண்ணீரைத் தனி வாய்க்காலில் திருப்பி, கட்டடத்துக்கு அடியில் இருக்கும் சக்கரத்தின் மேல் விடுகிறார்கள். சக்கரம் சுற்ற, அந்தச் சுழற்சி அச்சுத் தண்டுகளும் பட்டைகளும் வழியாக மாடி மாடியாக ஏறி எல்லா மெஷினையும் ஓட்டும். கரண்ட் கிடையாது, எண்ணெய் கிடையாது, ஆறுதான் மோட்டார். 1820 வாக்கில் இங்கே போட்ட பெரிய இரும்புச் சக்கரத்தின் குறுக்களவு 32 அடி, அது 1904 வரை ஓடியது, அப்புறம் டர்பைன் வந்துவிட்டது. இப்போது நாம் பார்க்கிற சக்கரம் அது இல்லை, யார்க்ஷயரில் வேறொரு ஆலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மாட்டியது, வில்லியம் ஃபேர்பேர்ன் என்கிற பெரிய பொறியாளர் வடிவமைத்தது. நாங்கள் போன அன்று ஓடியது. அதன் பக்கத்தில் நின்றால் தண்ணீர் விழும் சத்தத்தைவிட, இரும்பு மெதுவாக முனகுகிற சத்தம்தான் காதில் நிற்கிறது. ஒவ்வொரு தொட்டியும் நிரம்பி, கனத்து, இறங்கி, கீழே போய்க் கவிழ்ந்து ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். என் மனைவி கையைப் பிடித்து இழுத்துத்தான் நகர்ந்தேன்.

கோடையில் பாலினில் தண்ணீர் குறைந்துவிடும் என்று 1810-லேயே பவுல்டன் வாட் கம்பெனியின் நீராவி இயந்திரம் ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார் கிரெக். பாலாற்றைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அவர்கள் தண்ணீர் குறைந்தது என்று சொல்வது, எங்கள் குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை நிரம்பி கவுண்டின்யா ஆற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்குமே, அந்த அளவுத் தண்ணீரை.

இப்போது உள்ளே. மாடி மாடியாக ஏறினால் பஞ்சு நூலாகி, நூல் துணியாகிற வரிசையில் வைத்திருக்கிறார்கள். முதலில் கைராட்டையும் கைத்தறியும். ஆலை வருவதற்கு முன்னால் வீட்டில் எப்படி நூற்றார்கள் என்று ஒரு அம்மா உட்கார்ந்து செய்து காட்டுகிறார். அப்புறம் ஒரே ஆள் பல கதிர்களை, அதாவது நூலை முறுக்கிச் சுற்றும் கம்பிகளை, ஓட்டுகிற ஜென்னி என்கிற மெஷின். அதற்கப்புறம் ஆர்க்ரைட் என்பவரின் வாட்டர் ஃப்ரேம், தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் நூற்பு மெஷின். இந்த வாட்டர் ஃப்ரேமிடம் கொஞ்சம் நில்லுங்கள், கதையே இங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூல் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலுக்கு, தாங்காது, இழுத்தால் அறுந்துவிடும். அதனால் பாவுக்கு லினன், குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பருத்தி என்று ஒட்டுப்போட்டு நெய்துகொண்டிருந்தார்கள். முழுப் பருத்தித் துணி நெய்யத் தெரிந்தவர்கள் நம்ம ஆட்கள், அந்தத் துணி அங்கே போய்க் குவிய, உள்ளூர்க்காரர்கள் கத்த, அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தவே கூடாது என்று 1721-ல் சட்டமே போட்டார்கள். 1774-ல்தான் அதை எடுத்தார்கள். அதற்குள் 1769-ல் காப்புரிமை வாங்கிய ஆர்க்ரைட்டின் மெஷின் பாவுக்குத் தாங்குகிற முறுக்கோடு பருத்தி நூலைக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. சட்டத்தை எடுத்துப் பத்து வருஷம் கழித்துக் கிரெக் இங்கே சக்கரம் போட்டார். இந்த வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும், நம்ம ஊர் ராட்டைகள் எப்போது, எதனால் நின்றன என்று யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் மான்செஸ்டர் நூல் மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்க, நம்ம நெசவாளர்களே அதை வாங்கிப் பாவு ஓட்டினார்கள்.

அடுத்தது மியூல் என்கிற நூற்பு மெஷின். நீளமான வண்டி ஒன்று நூற்றுக்கணக்கான கதிர்களோடு தடத்தில் வெளியே வந்து நூலை இழுத்து முறுக்கி, திரும்ப உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். வண்டி வெளியே வந்திருக்கும் நேரத்துக்குள் சின்னப் பிள்ளைகள் நூலுக்கு அடியில் தவழ்ந்து போய்த் தரையில் விழுந்த பஞ்சைக் கூட்டி எடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும், வண்டி திரும்புவதற்குள். அது எவ்வளவு இடைவெளி என்று ஓட்டியே காட்டுகிறார்கள். காட்டியபோது கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள், அப்பா அம்மாக்கள் சிரிக்கவில்லை.

நெசவுக் கூடத்துக்குள் நுழைந்ததும்தான் எங்கள் மாமியாருக்கு உயிர் வந்தது. லங்காஷயர் தறிகள், இரும்பு, கனமானவை. ஒன்றிரண்டைத்தான் ஓட்டுகிறார்கள், அதற்கே பேச முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு கூடத்தில் எல்லாத் தறியும் சேர்ந்து ஓடும்போது பேச்சே கிடையாது, வாயசைப்பையும் கையையும் வைத்தே பேசிக்கொண்டார்களாம், அதற்கு அங்கே ஒரு தனி பாஷையே உருவாகியிருக்கிறது. நம்ம பவர்லூம் கூடங்களில் போய்ப் பாருங்கள், தறி நின்ற பிறகும் கத்தியே பேசுகிற பெரியவர்களை, காது போன கதை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

ஓட்டிக்கொண்டிருந்த அம்மாள் நடுவில் தறியை நிறுத்தினார், பாவில் ஒரு இழை அறுந்திருந்தது. அவர் குனிந்து இரண்டு நுனியையும் எடுத்து விரலால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கிள்ளி எறிந்தார். மாமியார் கயிற்றுத் தடுப்பைத் தாண்டாத குறையாக எட்டிப் பார்த்துவிட்டு, “மாப்ள, முடிச்சு நம்ம முடிச்சுதாங்க. ஆனா பாவுக்குக் கஞ்சி பத்தல, பாருங்க, பொசுபொசுன்னு எந்திரிச்சு நிக்குது” என்றார். அதை என் மகன் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் சொல்ல, அந்த அம்மாள் கடகடவென்று சிரித்துவிட்டு, ஆமாம், இன்றைக்குக் காற்றில் ஈரமும் இல்லை என்றார். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஊடை நூலோடு தறியில் குறுக்கே ஓடும் நாடாவை அந்த அம்மாள் எடுத்துக் காட்டினார், மாமியார் நூல் சுற்றிய தார்க்குச்சியை அதற்குள் எப்படிப் போடுவோம் என்று கையாலேயே காட்டினார்.

ஈரம் என்று அவர் சொன்னது சும்மா பேச்சுக்கு இல்லை. பருத்தி நூல் காய்ந்தால் அறும், அதனால்தான் மழையும் மூட்டமுமாக இருக்கும் அந்தப் பகுதியில் பஞ்சாலைகள் அவ்வளவு பெருகின. நம்ம ஊரில் தறிக்குழிக்குள் உட்கார்ந்து நெய்ததற்கும், சித்திரை வெயிலில் தரையில் தண்ணீர் தெளித்ததற்கும் காரணம் அதேதான்.

நாடாவில் இன்னொரு விஷயம் காட்டினார்கள். தார் மாற்றும்போது நூலின் நுனியை நாடாவின் கண் வழியாக வெளியே எடுக்க, அதில் வாயை வைத்து உறிஞ்சுவார்கள். ஒரே நாடாவை எத்தனையோ பேர் வாய் வைப்பார்கள், நோய் பரவும், பஞ்சுத் தூசி நேராக நெஞ்சுக்குள் போகும். மாமியாரிடம் கேட்டேன். “நாங்களும் அப்படித்தாங்க உறிஞ்சுவோம், வேற எப்படி எடுக்கறது?” என்று சாதாரணமாகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இது எனக்குத் தெரியாது.

ஆலையைப் பார்த்த களைப்பில் அப்படியே கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள், மேட்டுப்பாதையில் நடந்து அப்ரெண்டிஸ் ஹவுஸுக்கு, ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்கிய வீட்டுக்கு, போங்கள். 1790-ல் கட்டிய வெள்ளை வீடு. ஆலையில் வேலை செய்த அனாதை, ஏழைப் பிள்ளைகள் சுமார் 90 பேரை இதற்குள் தங்க வைத்திருந்தார்கள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள். லண்டனில் ஹாக்னி, செல்சி பக்கத்து ஏழைகள் விடுதிகளிலிருந்து ஆரம்பத்தில் கொண்டுவந்தார்கள், பிறகு லிவர்பூலிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும். ஒன்பது பத்து வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்தோ பெருக்கல் குறியோ போட்டுவிட்டு வந்தால், பெரியவர்கள் ஆகும் வரை சம்பளம் இல்லாத வேலை, சாப்பாடும் துணியும் படுக்க இடமும்தான் கூலி. நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை, அதற்குப் பிறகு பாடம், தோட்ட வேலை.

வழிகாட்டி கூடவே வந்து அறை அறையாகச் சொல்கிறார். படுக்கையறைதான் நெஞ்சைப் பிசைகிறது. குட்டைக் கட்டில்கள், ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள், வைக்கோல் மெத்தை. கட்டிலின் நீளத்தைப் பார்த்தாலே அந்தப் பிள்ளைகளின் உயரம் தெரிந்துவிடுகிறது. சமையலறையில் கஞ்சிப் பானை. வேலைக்கு நடுவில் கையில் வாங்கிக்கொண்டு தின்கிற அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சுவார்களாம். மருந்தறையில் மூலிகைகளும் அட்டைப்பூச்சி வைக்கிற ஜாடியும். பீட்டர் ஹாலண்ட் என்று ஒரு டாக்டரைக் கிரெக் நியமித்திருக்கிறார், ஆலைத் தொழிலாளர்களுக்கென்று வேலைக்கு வைத்த முதல் டாக்டர் அவர்தான் என்கிறார்கள். கிரெக்கின் மனைவி ஹன்னா பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தவர். மற்ற ஆலைகளோடு பார்த்தால் இது நல்ல முதலாளி நடத்திய இடம் என்றுதான் அந்தக் காலத்திலும் பேர்.

அந்த நல்ல இடத்திலிருந்தும் பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள். தாமஸ் பிரீஸ்ட்லி என்ற 13 வயதுப் பையனின் விரல் மெஷினில் போய்விட்டது. 1806-ல் ஜோசஃப் செஃப்டன் என்கிற இன்னொருவனோடு சேர்ந்து லண்டனுக்கு ஓடினான், அம்மாவைப் பார்க்க. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். பிடித்து நீதிபதிகள் முன்னால் நிறுத்தியபோது அவர்கள் சொன்ன வாக்குமூலம் இருப்பதால்தான் இன்றைக்கு நமக்கு இதெல்லாம் தெரிகிறது. 1836-ல் எஸ்தர் பிரைஸ் என்ற பெண் ஓடிப்போய்த் திரும்பி வந்ததும் தனியறையில் போட்டு அடைத்தார்கள். 1833-ல் வந்த சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழே ஆலையில் வைக்கக் கூடாது என்றது, அதைத்தான் பெரிய சீர்திருத்தம் என்று கொண்டாடினார்கள். இந்த ஆலை அப்ரெண்டிஸ் முறையை 1847-ல் விட்டது.

இதைக் கேட்டுவிட்டு, பாவி வெள்ளைக்காரன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம், சுலபம். ஆனால் நம்ம வட ஆற்காட்டில் தொண்ணூறுகள் வரைக்கும் பீடி சுற்ற முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை அடகு வைத்த கதை எங்கள் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். என்னோடு மூன்றாவது படித்தவன் ஒருத்தன் நாலாவதுக்கு வரவில்லை, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். அதற்கெல்லாம் நம்ம பக்கத்தில் ஒரு வீடு, ஒரு அறை, ஒரு பலகை கூட நான் பார்த்ததில்லை. வேலூர்க் கோட்டைக்குப் போனால் திப்பு குடும்பத்தைச் சிறை வைத்தது, 1806 புரட்சி எல்லாம் சொல்வார்கள், சரி, சொல்லத்தான் வேண்டும். தறியும் தோலும் பீடியும் தீப்பெட்டியும் இந்த மாவட்டத்தின் சரித்திரம் இல்லையா?

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் அங்கே மறைக்கவில்லை, இது எனக்குப் பிடித்தது. கிரெக் குடும்பத்துக்குக் கரீபியன் கடலில் டொமினிக்கா தீவில் ஹில்ஸ்பரோ என்று ஒரு தோட்டம் இருந்தது, அடிமைகளை வைத்து நடத்தியது. ஆலைக்கு வந்த பஞ்சிலும் பெரும்பங்கு அமெரிக்காவில் அடிமைகள் பறித்தது, லிவர்பூலில் இறங்கி இங்கே வந்தது. பெயர்பெற்ற முதலாளி, பிள்ளைகளுக்கு டாக்டர் வைத்த முதலாளி, அடிமைத் தோட்டத்தின் சொந்தக்காரர், மூன்றும் ஒரே ஆள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்தப் பஞ்சு நின்றுபோனபோது லங்காஷயர் ஆலைகள் நம்ம நாட்டுப் பஞ்சைத் தேடி வந்தன, வாங்கிக்கொண்டு இழை குட்டை, அறுகிறது என்று திட்டவும் செய்தார்கள்.

தோட்டங்கள் பெரியவை, ஆற்றை ஒட்டிச் சரிவில் இறங்குகின்றன, கண்ணாடி வீட்டில் திராட்சை வளர்க்கிறார்கள். பூ பார்க்கப் பிடித்தவர்கள் வைகாசி வாக்கில் போங்கள், ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும். எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, சுற்றிவிட்டு வந்துவிட்டேன். ஆற்றங்கரை நடைபாதை வேறு விஷயம். தொழிற்சாலை இருந்த ஆற்றங்கரையில் மூக்கைப் பொத்தாமல் நடப்பது ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குப் புதிது. தோல் ஷெட் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-ல், அந்தத் தீர்ப்பை நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள், பாலாற்று மணலில் நடந்து பார்த்தால் படித்தது மட்டும்தான் மிச்சமோ என்று தோன்றும். நேரம் இருந்தால் ஸ்டையல் கிராமத்துக்கும் நடந்துவிட்டு வாருங்கள், தொழிலாளர்களுக்குக் கிரெக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள், எங்கள் வீட்டில் ஒருவர் பார்த்தார்.

சாப்பாடு: உள்ளே கஃபே இருக்கிறது, சூப், சாண்ட்விச், கேக். சைவக்காரர்களுக்குப் பட்டினி இல்லை, ஆனால் மாமியாருக்குக் காரம் இல்லாதது எதுவும் சாப்பாடு இல்லை. புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம், வெளியே மரப் பெஞ்சுகளில் உட்கார்ந்து சாப்பிட்டோம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடையில் ஆலைத் தறிகளிலேயே நெய்த வெள்ளைக் காடாத்துணி கிடைத்தது. மாமியார் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அச்சு எண்ணிக்கை, அதாவது இழை நெருக்கம், குறைவு என்று முடிவு சொல்லிவிட்டு விலை கேட்டார். ரூபாயில் சொன்னதும், “அந்தக் காசுக்கு நம்ம ஊர்ல ஒரு பாவே ஓட்டிடலாங்க” என்றார். இருந்தாலும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார், இப்போது குடியாத்தத்தில் இட்லித் தட்டில் விரிக்கிறார், ஒட்டாமல் வருகிறதாம்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயம். சக்கரமும் தறியும் நாள் முழுக்க ஓடாது, நுழைந்ததும் எந்த நேரத்தில் எதை ஓட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ப மாடி ஏறுங்கள். அப்ரெண்டிஸ் ஹவுஸுக்கு வழிகாட்டியோடுதான் போக முடிந்தது, இடம் குறைவு, அதையும் காலையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். காது கேட்கும் கருவி வைத்திருப்பவர்கள் நெசவுக் கூடத்துக்குள் போகுமுன் சத்தத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. ஸ்வெட்டர் வெயில் நாளிலும் வேண்டும், சக்கரம் இருக்கும் பள்ளத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கும்.